புலி முத்திரையும் ஓடிபியும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியோ டீயோ பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருங்க. நேரமில்லாதவங்க நேரா கடைசியில இருக்கிற நம்பர் போட்ட சமாச்சாரங்களுக்குப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்னு ஆபீஸ்ல சொன்னாலே யாராவது ஒருத்தர் கேட்கிற கேள்வி, "அங்க போனுக்கு என்ன பண்ணுவீங்க?" முன்னெல்லாம் ஊருக்குப் போறவன்கிட்ட "தண்ணி எப்படி, கொசு எப்படி"ன்னு கேப்பாங்க. இப்ப தண்ணி பாட்டில்ல வந்துடுச்சு. போன்தான் பெரிய கவலை. வெளிநாட்டுக்காரங்க நம்ம ஊருக்கு வரும்போதும் சரி, நம்மாளுங்க வெளிநாடு போகும்போதும் சரி, இந்தப் போன் விஷயத்துல நான் பட்டதெல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு ரொம்ப நாளா நினைப்பு. அதோட, போன பொங்கலுக்கு முந்தின பொங்கல்ல (2025) பூம்புகார் கடற்கரையில முக்கால் மணி நேரம் என் உசுரு என்கிட்ட இல்லை. அதையும் சொல்லணும்.

நமக்குச் சொந்த ஊர் மேலையூர். பூம்புகாருக்கு உள்ளே நுழையறதுக்கு முன்னாடி வர்ற ஊர். பொழைப்பு சிங்கப்பூர்ல. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

நான் சிங்கப்பூர் வந்தது 1999-ல. அப்ப எங்க வீட்டுல போன் கிடையாது. கடைத்தெரு எஸ்.டி.டி. பூத் நம்பர்தான் எங்களுக்கு பி.பி. நம்பர். ஞாயித்துக்கிழமை சிராங்கூன் ரோட்டுல காலிங் கார்டு வாங்கி, சுரண்டி, அந்த நீளமான நம்பரை எல்லாம் அமுக்கி முடிச்சா, பூத்காரர் எடுத்து, "கூப்பிட்டு விடுறேன் தம்பி, பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க"ம்பார். பத்து நிமிஷம் கழிச்சுப் பண்ணினா அப்பா மூச்சு வாங்க, "நல்லா இருக்கியாப்பா"ம்பார். பாதிக் காசு மூச்சு வாங்குறதுலயே போயிடும்.

அப்புறம் 2004 டிசம்பர் 26. ஞாயித்துக்கிழமை. டிவியில சுனாமின்னு ஓடுது. பூம்புகார், வானகிரி மீனவர் தெருவெல்லாம் அலை புகுந்துடுச்சுன்னு சேதி. அதுக்குள்ள வீட்டுக்கு லேண்ட்லைன் வந்திருந்தது. அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒண்ணும் போகலை. உலகத்துல இருக்கிற தமிழன் எல்லாம் ஒரே நேரத்துல ஊருக்கு அடிச்சா எந்த லைன் தாங்கும்? சாயந்திரம் மாயவரத்துல இருக்கிற சித்தப்பா பையன்கிட்டேர்ந்து ஒரு எஸ்எம்எஸ். எல்லாரும் சுகம், அலை மேலையூர் வரைக்கும் வரலைன்னு ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியை அன்னைக்கு ராத்திரி எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கு இல்லை.

பேச்சு போகாதபோது எஸ்எம்எஸ் மட்டும் எப்படிப் போச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பேசுறதுக்குக் கடைசி வரைக்கும் ஒரு பாதை திறந்தே இருக்கணும். எஸ்எம்எஸ்ஸுக்கு அது தேவையில்லை. வழியில ஒரு இடத்துல காத்துக்கிட்டு நிக்கும், சந்து கிடைச்சதும் நுழைஞ்சு போயிடும். புயல், வெள்ளம்னா முதல்ல அடிக்காதீங்க, எழுதுங்க. இந்தப் பதிவுல வேற எதுவும் ஞாபகம் இல்லாட்டியும் இது இருக்கட்டும்.

அடுத்தது 2018. அப்பா முதல் தடவையா சிங்கப்பூர் வர்றார். திருச்சியில தங்கச்சி வீட்டுக்காரர் ஏத்தி விட்டார். அப்பாகிட்ட பட்டன் வச்ச சின்ன போன். அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஒரு தடவை சார்ஜ் போட்டா நாலு நாள் தாங்கும். ரோமிங் எல்லாம் பக்காவா போட்டு விட்டாச்சு. நானும் சாங்கி ஏர்போர்ட்ல காத்துக்கிட்டு நிக்கிறேன். பிளேன் இறங்கி ஒரு மணி நேரம் ஆச்சு, ஆளைக் காணோம். அடிச்சா தொடர்பு எல்லைக்கு வெளியே. ஊர்லேர்ந்து அம்மா எனக்கு அடிச்சு, "என்னடா, இவரு போனு போவ மாட்டேங்குது, எறங்கினாரா இல்லியா?" குரல் உடைஞ்சு போச்சு.

தப்பு ரோமிங்ல இல்லைங்க. அப்பாவோட போன் 2ஜி மட்டும் பிடிக்கிற போன். சிங்கப்பூர்ல 2ஜியை 2017 ஏப்ரல் 1-ஆம் தேதியோட மூடியாச்சு. அது பிடிக்கிற 2ஜி சேவை அந்த நாட்டுல எந்தக் கம்பெனிகிட்டயும் இல்லை. மனுஷன் என்ன பண்ணுவார்? போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்திருக்கார், பேட்டரியைக் கழட்டித் துடைச்சுப் போட்டிருக்கார், ஜன்னல் ஓரமா நின்னு தூக்கிப் பிடிச்சிருக்கார். பெட்டி வர்ற பெல்ட் பக்கத்துலேயே உக்காந்துட்டார், "போன் வராம வெளிய போனா உன்னை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னு.

அப்புறம்தான் அவருக்குச் சட்டைப் பை ஞாபகம் வந்திருக்கு. என் பேரு, என் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் ஒரு சீட்டுல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி வச்சிருந்தார். பழைய பள்ளிக்கூட வாத்தியார் இல்லையா, எதையும் எழுதித்தான் வைப்பார். அந்தச் சீட்டை விசாரணை கவுண்டர்ல நீட்டினதும், அங்க இருந்த பொண்ணு எனக்கு அடிச்சுச்சு. வெளிய வந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, உங்க ஊர்ல டவரே இல்லப்பா." சிங்கப்பூரைப் பார்த்து டவர் இல்லைன்னு சொன்ன ஒரே ஆள் எங்கப்பாதான் :-))

சிரிச்ச கதை இது. அடுத்தது சிரிக்கிற கதை இல்லை.

என்கிட்ட ஒரு இந்திய நம்பர் இருந்தது. லைஃப்டைம் கார்டுன்னு ஒரு காலத்துல வித்தாங்களே, அது. ஒரு தடவை காசு கட்டினா ஆயுசுக்கும் இன்கமிங். பேங்க், எல்ஐசி, நிலத்துப் பத்திரம் எல்லாத்துக்கும் அந்த நம்பரைத்தான் குடுத்து வச்சிருந்தேன். ஊருக்கு வந்தா போன்ல போடுவேன், திரும்பி வந்ததும் பர்ஸ்ல ஒரு ஓரமா சொருகிடுவேன். 2018 கடைசியில கம்பெனிகள் மாசா மாசம் குறைஞ்சபட்ச ரீசார்ஜ்னு கொண்டு வந்து, 'லைஃப்டைம்' ஆயுசு முடிஞ்சுது. அதை நான் கண்டுக்கலை. 2020 மார்ச்ல கொரோனா வந்து பிளேனும் நின்னு போச்சு. சிம் பர்ஸ்லயே தூங்குச்சு.

டிராய் விதி என்னன்னா, பிரீபெய்டு சிம்மை 90 நாள் எதுக்குமே பயன்படுத்தலைன்னா கம்பெனி அதைத் துண்டிக்கலாம். 20 ரூபாயாவது பேலன்ஸ் இருந்தா அந்த இருபதை எடுத்துக்கிட்டு இன்னும் 30 நாள் உசுரு குடுப்பாங்க. அதுவும் தீர்ந்தா அம்புட்டுதான், நம்பர் கொஞ்ச நாள்ல வேற யாருக்காவது போயிடும்.

2021 ஆகஸ்ட். அப்பாவுக்கு நெஞ்சுவலி. கும்பகோணத்துல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க, உடனே ஸ்டென்ட் வைக்கணும், அட்வான்ஸ் கட்டணும். என் இந்திய அக்கவுண்ட்ல பணம் இருக்கு. ஸ்க்ரீன்ல தெரியுது. ஆஸ்பத்திரி அக்கவுண்டைப் புதுசா சேர்க்கணும்னா ஓடிபி வேணும். ஓடிபி அந்தச் செத்துப் போன நம்பருக்குப் போவுது. பேங்குக்கு அடிச்சா, நம்பரை மாத்தணும்னா பாரம் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கங்கிறாங்க. சிங்கப்பூர்லேர்ந்து புதுசா அனுப்பினா பணம் போய்ச் சேர எப்படியும் நாள் ஆகும். பணம் இருக்கு, ஆனா அது என் பணம்னு நிரூபிக்க எனக்கு வழி இல்லை.

அன்னைக்குக் காப்பாத்தினது மாமா. அம்மாவோட தம்பி. கேட்கக்கூட இல்லை. அத்தையோட வளையலை வச்சு ரொக்கத்தோட ஆஸ்பத்திரிக்குப் போய் நின்னுட்டு எனக்கு அடிக்கிறார், "கட்டியாச்சு மாப்ள, நீ அழுவாத." அப்பா பொழைச்சார். நகையை ரெண்டு மாசத்துல மீட்டுட்டோம். ஆனா அந்த ஒரு ராத்திரியை நான் மறக்கலை.

இப்ப 2025 பொங்கல். என்கூட வேலை பார்க்கிற சிங்கப்பூர்ச் சீன நண்பர் ஒருத்தர், "உங்க ஊர்ல மாட்டுக்குப் பொங்கல் வைப்பீங்களாமே, பார்க்கணும்"னு குடும்பத்தோட கிளம்பிட்டார். அவர், அவர் சம்சாரம், 14 வயசுப் பொண்ணு. மூணு பேருக்கும் மூணு விதமா போன். வெளிநாட்டுக்காரங்களுக்கு இருக்கிற எல்லா வழியும் ஒரே வேன்ல இருந்துச்சுன்னு வச்சுக்குங்க.

நண்பர் சிங்கப்பூர் சிம்முக்கே ரோமிங் பேக் போட்டுக்கிட்டு வந்தார். அந்த அம்மாவோட போன் அமெரிக்காவுல வாங்கின ஐஃபோன். 2022-ல வந்த 14-லேர்ந்து அமெரிக்க மாடல்ல சிம் சொருகுற ஓட்டையே கிடையாது, எல்லாம் இ-சிம். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே டிராவல் இ-சிம் வாங்கி ஏத்திக்கிட்டாங்க. நல்ல வேளை. அந்த மாதிரி இ-சிம் விக்கிற ரெண்டு பெரிய வெளிநாட்டு ஆப்களை 2024 ஜனவரியில நம்ம தொலைத்தொடர்புத் துறை தடுத்து வச்சுது. இங்க வந்து இறங்கினப்புறம் தேடியிருந்தா திண்டாட்டம்தான். பொண்ணுக்கு மட்டும் ஒண்ணும் போடலை. ஊர்ல போய் லோக்கல் சிம் வாங்கிக்கலாம், விலை குறைச்சல்னு நான்தான் பெரிய மனுஷனாட்டம் சொன்னேன்.

சீர்காழியில ஒரு கடையில போய்க் கேட்டா, "ஆதார் குடுங்க, அஞ்சு நிமிஷம்"னார். பாஸ்போர்ட்டை நீட்டினதும் ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டார். "இது நம்ம மிஷின்ல ஆவாது சார். கம்பெனியோட சொந்தக் கடைக்குப் போங்க." அவர் மேல தப்பில்லை. 2024 ஜனவரி 1-லேர்ந்து சிம்முக்குக் காகிதப் பாரமே கிடையாது, எல்லாம் மிஷின்லதான். வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு விசா, படம், உள்ளூர் விலாசம்னு தனி வழி. அதை எல்லாக் கடையிலயும் பண்றதில்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மாமா எழுந்தார். பனியனைப் போட்டார், சட்டையைப் போட்டார். "இவ்வளவுதானே? வா, என் பேர்ல ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம். விருந்தாளிப் புள்ளைக்கு ஒரு போனு குடுக்க நமக்கு வக்கில்லையா?"

நான் வேணாம் மாமான்னேன்.

மூஞ்சி செத்துப் போச்சு அவருக்கு. நாலு வருஷம் முன்னாடி வளையலைத் தூக்கிக்கிட்டு ஓடினவர் இன்னைக்கு ஆதார் கார்டைத் தூக்கிக்கிட்டு நிக்கிறார், நான் வேணாங்கிறேன். "என்ன மாப்ள, என் பேரு அவ்வளவு மட்டமாப் போச்சா?"ன்னார். அத்தை அடுப்படியிலேர்ந்து எட்டிப் பார்க்குது. என்ன பேசுறதுன்னே தெரியலை.

சட்டம் பேசினா சண்டையாயிடும்னு, லேப்டாப்பைத் திறந்தேன். சஞ்சார் சாத்தின்னு அரசாங்கத்தோட தளம் ஒண்ணு இருக்கு, 2023-ல வந்தது. அதுல நம்ம நம்பரைக் குடுத்து ஓடிபி போட்டா, நம்ம பேர்ல மொத்தம் எத்தனை இணைப்பு இருக்குன்னு காட்டும். மாமாவோட நம்பரைப் போட்டேன். அவர் கணக்குக்கு ரெண்டு. அது காட்டினது ஆறு.

"இது துபாய் போனானே நம்ம பக்கத்து வீட்டுப் பய, அவனுக்கு வாங்கினது... இது பெரியவ கல்யாணத்தப்ப சமையக்காரருக்கு... இது..." மாமா விரல் விட்டு எண்ணினார். அஞ்சு வரைக்கும் வந்துட்டார். ஆறாவது யாருக்குன்னு கடைசி வரைக்கும் ஞாபகம் வரலை. அந்த நம்பர்லேர்ந்து எவனாவது எதாவது பண்ணினா போலீஸ் வந்து நிக்கிறது மாமா வீட்டு வாசல்லதான். 2023-ல வந்த தொலைத்தொடர்புச் சட்டத்துல ஆள்மாறாட்டம் பண்ணி சிம் வாங்கினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. ஒருத்தர் பேர்ல அதிகபட்சம் 9 சிம்தான். இதெல்லாம் நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மாமா, "அந்த ஆறாவதை முதல்ல வெட்டி விடு மாப்ள"ன்னார். 'இது என் நம்பர் இல்லை'ன்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினோம். அப்புறம் சட்டையைக் கழட்டிட்டு, பனியனோட உக்காந்து, "வளையல் வேற, ஆதார் வேற. அப்படித்தானே?"ன்னார். அப்படித்தான் மாமா.

மறுநாள் மாட்டுப் பொங்கல். அதுக்கும் மறுநாள், ஜனவரி 16, காணும் பொங்கல். பூம்புகார்ல காணும் பொங்கல்னா சுத்துப்பட்டு கிராமம் மொத்தமும் அங்கதான். காலையில கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஏழுநிலை மாடம், 1973-ல திறந்தது. சுவர் பூரா கண்ணகி கதை. நண்பர்கிட்ட நம்ம ஊர்ப் பெருமை பேச வேற எடம் வேணுமா? பட்டினப்பாலையில இந்தத் துறைமுகத்துக்கு வர்ற சரக்கு, போற சரக்கு எல்லாத்தையும் அளந்து, சோழனோட புலி முத்திரை குத்தித்தான் விடுவாங்கன்னு இருக்கு. மருவூர்ப்பாக்கத்துல யவனர் குடியிருப்பு இருந்ததாச் சிலப்பதிகாரம் சொல்லுது. கீழையூர்ல தொல்லியல் துறை தோண்டினப்ப செங்கல்லால கட்டின பழைய படகுத்துறை கிடைச்சுது. இதெல்லாம் அளந்து விட்டதும் நண்பர் கேட்டார், "அப்படின்னா ரெண்டாயிரம் வருஷமா வெளியூர்க்காரன் வந்தா முதல்ல கவுண்டர்ல நிக்க வச்சு முத்திரை குத்துறீங்க?" முந்தாநாள் சிம் கடையில நின்ன கடுப்பு அவருக்கு :-)

கிளம்பும்போது அப்பா ஒரு வேலை பண்ணியிருந்தார். பழைய டைரியைக் கிழிச்சு, ஆளுக்கொரு சீட்டு. கொட்டை எழுத்துல தமிழ்ல: 'மேலையூர் வாத்தியார் வீட்டு விருந்தாளி. இந்த எண்ணுக்குத் தகவல் சொல்லவும்.' கீழே என்னோட லோக்கல் நம்பர், அவரோட நம்பர். நான், "ஏம்ப்பா, எல்லார்கிட்டயும் போன் இருக்குப்பா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அந்தப் பொண்ணு மட்டும் சீட்டை மடிச்சு போன் உறைக்குள்ள வச்சுக்கிச்சு. அதுக்குத் தமிழ் எழுத்து அழகா இருந்துச்சாம்.

சாயந்திரம் கடற்கரை. தலைதான் தெரியுது, மண்ணு தெரியலை. அந்தப் பொண்ணு என் போனோட ஹாட்ஸ்பாட்ல ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. ஹாட்ஸ்பாட்டுக்கு எல்லை எவ்வளவு? கூட்டத்துல ஒரு முப்பது நாப்பது அடி தாண்டினா சந்தேகம். அது எங்களுக்கு யாருக்கும் தோணலை. காவேரி கடல்ல கலக்கிற பக்கம் போட்டோ எடுக்கப் போன பொண்ணு, திரும்பிப் பார்த்தா இல்லை.

முதல் அஞ்சு நிமிஷம் யாரும் பயப்படலை. அப்புறம் நண்பர் போன் பண்ணினார். எங்க பண்றது? அது சிங்கப்பூர்ல வச்சிருந்த நம்பர்ல ரோமிங்கே போடலை. வாட்ஸப்ல அடிச்சா ஒரே டிக். ஹாட்ஸ்பாட்டை விட்டுப் போனதும் அந்தப் போன் வெறும் கேமரா. அந்த அம்மா கடலையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. பூம்புகார் கடல் குளிக்கிற கடல் இல்லை, உள்ளூர்க்காரனுக்குத் தெரியும். அதை அவங்ககிட்ட நான் காலையிலதான் சொல்லியிருந்தேன். நானும் தங்கமணியும் ஆளுக்கொரு பக்கம் ஓடுறோம். மாமா போலீஸ் நின்ன இடத்துக்கு ஓடினார். மைக்ல சொல்லச் சொன்னா என்ன பேரு, என்ன சட்டைங்கிறாங்க, எனக்கு நாக்கு எழலை. விலை குறைச்சல்னு சொன்னது நான். போன் போட்டுக்க வேணாம்னு சொன்னது நான்.

முக்கால் மணி நேரம் கழிச்சு என் போன் அடிச்சுது. தெரியாத நம்பர். "வாத்தியார் வீடுங்களா? இங்க ஒரு சீனாக்காரப் பொண்ணு சீட்டைக் காட்டுதுங்க. லைட்ஹவுஸ் பக்கம், சுண்டல் வண்டி. அழுவல, சுண்டல் சாப்புடுது. நிதானமா வாங்க."

போய்ப் பார்த்தா, ஸ்டூல்ல உக்காந்து தேங்கா மாங்கா பட்டாணிச் சுண்டலை ரெண்டாவது பொட்டலம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. வழி தெரியாமப் போனதும் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்திருக்கு. யார்கிட்ட இங்கிலீஷ்ல பேசினாலும் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. அப்புறம்தான் உறைக்குள்ள சீட்டு இருக்கிறது ஞாபகம் வந்து, நின்ன இடத்துல இருந்த அந்த அம்மாகிட்ட நீட்டியிருக்கு. அவங்க அப்பாகிட்ட மூணாவது வகுப்பு படிச்சவங்களாம். காசு வாங்கவே மாட்டேன்னுட்டாங்க.

நண்பர் ஒண்ணுமே சொல்லலை. ராத்திரி சாப்பிட்டப்புறம் அப்பா பக்கத்துல உக்காந்து அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

மறுநாள் மயிலாடுதுறையில கம்பெனியோட சொந்த ஷோரூமுக்குப் போய் பாஸ்போர்ட், இ-விசா, போட்டோ எல்லாம் குடுத்து நண்பர் பேர்லயே ஒரு சிம் வாங்கினோம். அது உசுரு பெற அடுத்த நாள் சாயந்திரம் ஆச்சு. அதுக்கு அடுத்த நாள் அவங்க பிளேன்!

சரி, கதை போதும். பட்டதுலேர்ந்து தேறினது இவ்வளவு:

1. முதல்ல நம்பர், அப்புறம்தான் டேட்டா. டிராவல் இ-சிம் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், நம்பர் இருக்காது. ஓடிபி வராது, சுண்டல் வண்டிக்காரம்மா அதுக்குத் திருப்பி அடிக்கவும் முடியாது. சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க கையில கட்டாயம் கூப்பிடக்கூடிய ஒரு நம்பர் இருக்கணும். ஹாட்ஸ்பாட்டை நம்பி யாரையும் கூட்டத்துல விடாதீங்க.

2. நாலஞ்சு நாள் பயணம்னா சொந்த ஊர் சிம்லயே ரோமிங் பேக் போடுறதுதான் தொல்லை இல்லாதது. இன்னொரு லாபமும் இருக்கு. லோக்கல் சிம் பெரும்பாலும் தன் கம்பெனி டவரைத்தான் பிடிக்கும். ரோமிங் சிம் ஒப்பந்தம் இருக்கிற எந்தக் கம்பெனியையும் பிடிக்கும். சிக்னல் இல்லைன்னா செட்டிங்ஸ்ல போய் கையாலேயே வேற கம்பெனியை மாத்திப் பாருங்க. வயக்காட்டு ஊர்கள்ல நண்பர் போன்தான் பல இடத்துல எனக்கு முன்னாடி சிக்னல் பிடிச்சுது.

3. ரெண்டு வாரத்துக்கு மேலன்னா லோக்கல் சிம். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்க ஏர்போர்ட் கவுண்டர்லயோ கம்பெனியின் சொந்தக் கடையிலயோ வாங்குங்க, சின்ன ஊர் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. உசுரு பெற ஒருநாள் ஆகலாம்னு கணக்கு வச்சுக்குங்க. சொந்தக்காரங்க பேர்ல வாங்கவே வாங்காதீங்க. பாசத்துக்கு ஆதார் நகல் எடுக்கக் கூடாது.

4. இ-சிம் வேணும்னா கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கி ஏத்திடுங்க. அமெரிக்காவுல தவணையில வாங்கின போன்னா பூட்டு எடுத்தாச்சான்னு பார்த்துக்குங்க. பூட்டின போன்ல வேற கம்பெனி சிம் வேலை செய்யாது.

5. ஊர்லேர்ந்து அப்பா அம்மாவைக் கூப்பிடுறவங்க: பட்டன் போனா இருந்தா அது 4ஜி பிடிக்குமா, 4ஜியில பேச்சு போகுமான்னு பாருங்க. சிங்கப்பூர்ல 2ஜி 2017-லயே போச்சு, 3ஜியையும் 2024-லேர்ந்து மூட ஆரம்பிச்சாச்சு. அமெரிக்காவுல 3ஜி 2022-லயே மூடிட்டாங்க. சிங்கப்பூர்ல போய் பிரீபெய்டு வாங்கணும்னா பாஸ்போர்ட் வேணும், ஆளுக்கு 3 வரைக்கும்தான்.

6. வெளிநாட்டுல இருக்கிறவங்க இந்திய நம்பரைச் சாக விடாதீங்க. சிம்மை பர்ஸ்ல வைக்காதீங்க, ரெண்டு சிம் போன்ல போட்டு ரோமிங்கைத் திறந்து வைங்க. டேட்டாவை மட்டும் அணைச்சுடுங்க. உள்ளே வர்ற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவா காசு இல்லை. ரீசார்ஜ் தேதியை காலண்டர்ல எழுதிடுங்க. ரோமிங்கை ஊர்ல இருக்கும்போதே திறந்துடுங்க.

7. 2023 ஜனவரியில சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 10 நாட்டு நம்பரை வச்சே என்ஆர்ஐ அக்கவுண்ட்ல யுபிஐ போடலாம்னு அனுமதி வந்துது. உங்க பேங்க்ல அந்த வசதி இருந்தா போட்டுக்குங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு யுபிஐ ஒன் வேர்ல்டுன்னு தனியா ஒண்ணு இருக்கு. இருந்தாலும் பூம்புகார்ல இளநிக்காரர்கிட்ட நூறு ரூபா நோட்டுதான் சுலபம். கியூஆர் கோடு தொங்குது, ஆனா நண்பர்கிட்ட இருந்தது கிரெடிட் கார்டு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்து முழிச்சுக்கிட்டு நின்னுச்சு.

8. துபாய்ப் பக்கம் போறவங்க: வாட்ஸப்ல எழுதலாம், பேசுறதுக்கு வருஷக்கணக்கா தடை. அங்க அனுமதிச்ச ஆப் எதுன்னு கேட்டு ஊர்லயே வீட்டாருக்கும் ஏத்திக் குடுத்துட்டுப் போங்க.

9. தனுஷ்கோடி போறவங்க ரோமிங்ல டேட்டாவை அணைச்சுடுங்க. 'இலங்கைக்கு வரவேற்கிறோம்'னு எஸ்எம்எஸ் வந்த கதை நிறையப் பேருக்கு உண்டு. அனுமதி இல்லாம சேட்டிலைட் போனை மட்டும் இந்தியாவுக்குள்ள கொண்டு வந்துடாதீங்க, கைது வரைக்கும் போயிருக்கு.

10. சீட்டு. உள்ளூர் மொழியில, கொட்டை எழுத்துல, ரெண்டு நம்பரோட. சார்ஜ் வேணாம், சிக்னல் வேணாம், கேஒய்சி வேணாம்.

அவங்களை ஏத்திவிட திருச்சிக்குக் கிளம்பினப்ப அந்தப் பொண்ணு அப்பாகிட்ட ஒரு சீட்டைக் குடுத்துச்சு. ஒரு பக்கம் சீனத்துல, ஒரு பக்கம் இங்கிலீஷ்ல, கீழே அவங்க வீட்டு நம்பர். அடுத்த தடவை சிங்கப்பூர் வந்து டவர் இல்லைன்னா அதைக் காட்டணுமாம். அப்பா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். அம்மா துவைக்கிறப்ப எடுத்து வச்சு, துவைச்சதும் திருப்பி வைக்குது. இன்னும் அங்கதான் இருக்கு.

பி.கு: மாமாவோட சஞ்சார் சாத்தி கணக்கு இப்ப ரெண்டுதான் காட்டுது. நீங்களும் உங்க பேர்ல எத்தனை இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க. ஆறுக்கு மேல போனவங்களுக்கு மாமா சார்பா சுண்டல் பார்சல் :-)